கைமாற்று வாங்கிய இடத்தில் கடை விரிக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு. எங்களுக்கு ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது, 600 பேருக்கு மேல். போர்டு, சென்சார், பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் எல்லாம் அதில் எங்களுக்குள் வாங்குவோம், விற்போம். 2025 செப்டம்பரில் வீட்டில் ஒரு சர்வர் கட்டலாம் என்று 32 ஜிபி டிடிஆர்5 ரேம் (கம்ப்யூட்டரின் வேலை நினைவகம்) கிட் இரண்டு வாங்கினேன். ஒன்று கடையில் 9,200 ரூபாய் (இன்னொன்று குழுவில் ஒரு அண்ணன் 7,000க்குக் கொடுத்தது). கூடவே உள்ளங்கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 5, 8 ஜிபி போர்டு இரண்டு. அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, சர்வர் ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். இப்போது அதே கிட் கடையில் 31,000. குழுவில் ஒரு கிட் 26,000 என்று போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் ‘பதுக்கல் பேர்வழி’ என்றார், இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், அட்மின் பதிவையே தூக்கிவிட்டார். ஒரு கல்லூரி மாணவர் தனியாக வந்து, புராஜெக்டுக்கு வேண்டும், 10,000க்குத் தாருங்கள் என்கிறார். கடையைவிட 5,000 குறைத்துத்தானே கேட்டேன்? என் காசு, என் பொருள். நான் செய்ததில் என்ன தப்பு?

பதில்:

தம்பி, கல்யாணத்துக்கு முதலில் என் வாழ்த்து. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லோரும் அந்த 26,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். என் கண் போய் நின்றதோ, அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டுப் போனீர்களே, அந்த அண்ணன் மேல். அவரிடம் பிறகு வருகிறேன்.

கம்பெனிகளுக்கு எலெக்ட்ரானிக் பாகம் வாங்கிக் கொடுப்பதுதான் 22 வருடமாக என் பிழைப்பு. பொருள் கிடைக்கிற காலத்தில் பர்ச்சேஸ்காரனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தட்டுப்பாடு வந்தால் காலை எட்டு மணிக்கே எம்டி போன் பண்ணுவார். அதனால் தட்டுப்பாட்டில் மனிதர்கள் எப்படியெல்லாம் நடந்துகொள்வார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன், நானும் ஒழுங்காக நடக்காத நாட்கள் உண்டு.

பதுக்கல் என்று உங்களைச் சொன்னது சரியில்லை. ஊர் பசித்துக் கிடக்கும்போது அரிசி மூட்டையை குடோனில் அடுக்கிப் பூட்டுப் போட்டவனுக்கு வைத்த பெயர் அது. இந்தத் தட்டுப்பாடு உங்கள் வீட்டு அலமாரியில் தொடங்கவில்லை. ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்பில் உலக அளவில் பெரும்பங்கைச் செய்வது மூன்றே கம்பெனிகள், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்துக்கு ஆர்டர் குவிகிறது, லாபமும் அங்கேதான். ஒரே அளவு நினைவகத்துக்கு டிடிஆர்5-ஐவிட எச்பிஎம் ஏறத்தாழ மூன்று மடங்கு வேஃபர், அதாவது சிப் செய்யும் சிலிக்கான் தட்டு, தின்கிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அப்புறம் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எங்கே மிச்சம் இருக்கும்? 2025 டிசம்பர் 3 அன்று அதே மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் கேட்டு வாங்கும் குரூசியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நீங்கள் அந்த இரண்டு கிட்டையும் வாங்காமலே இருந்திருந்தாலும் இன்றைக்கு விலை 31,000தான்.

ஆனால் ‘பிளாக்கில் விற்கிறான்’ என்ற கோபம் உங்கள் குழுவில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு 2022 இன்னும் மறந்திருக்காது. அது வேறு மாதிரியான தட்டுப்பாடு, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு பை போர்டுக்கும் இதுதான் பதில்.

ராஸ்பெர்ரி பை வந்த நாளிலிருந்து அதன் கவர்ச்சியே 35 டாலர் என்ற விலைதான். சிப் தட்டுப்பாடு முற்றிய 2021 அக்டோபரில் முதல்முறையாக விலையை ஏற்றினார்கள், அதுவும் பை 4-இன் 2 ஜிபி மாடலை 35லிருந்து 45 டாலருக்கு, தற்காலிகம் என்று சொல்லி. அப்போதைக்கு மற்ற மாடல்களின் அதிகாரபூர்வ விலையை அப்படியே பிடித்து வைத்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அதன் தலைவர் எபன் அப்டன் வெளிப்படையாகவே எழுதினார்: மாதம் சுமார் 5 லட்சம் போர்டு செய்கிறோம், ஆனால் இதை நம்பிப் பிழைக்கும் கம்பெனிகளுக்குத்தான் முதலில் கொடுப்போம் என்று. பர்ச்சேஸ்காரனாக எனக்கு அது நியாயமாகப் பட்டது, வீட்டில் பை வைத்து விளையாடுகிறவனாகப் பற்றி எரிந்தது.

விளைவு என்ன? விலைப்பட்டியலில் 45 டாலர், கடையில் ‘ஸ்டாக் இல்லை’, ஈபேயில் அதே போர்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. எந்தக் கடையில் ஸ்டாக் வருகிறது என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஆர்பிஐ லொகேட்டர் என்று ஒரு தளம் முளைத்தது. அதிலும் ‘இல்லை’ என்ற சிவப்பு ‘இருக்கிறது’ என்ற பச்சையாவதற்குள், தானாக வாங்கும் பாட் நிரல்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தத் தொல்லையில்தான் அமெரிக்காவின் அடாஃப்ரூட் கடை, பை வேண்டுமென்றால் இரண்டடுக்குப் பாதுகாப்போடு கணக்கைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்று விதி போட்டது. 2022 டிசம்பரில் ஒரு லட்சத்துக்கும் சற்று மேல் போர்டுகளை, தனி ஆட்களுக்கு ஒவ்வொன்றாக விற்க என்று ஒதுக்கி வைத்தார்கள். பை 5 வந்தபோது இன்னும் கறாராக, 2023 முடியும் வரைக்குமாவது தனி ஆட்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். சூடு கண்ட பூனை.

அந்தக் காலத்தில் பாட் வைத்து இருபது போர்டை அள்ளி மூன்று மடங்குக்கு விற்றவன் செய்த வேலை என்ன? அவன் போர்டு செய்யவில்லை, கப்பலில் கொண்டுவரவில்லை, சோதித்துக் கொடுக்கவில்லை. வரிசையில் நின்ற இருபது பேருக்கு முன்னால் புகுந்து, அதே வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று டிக்கெட் விற்றான். தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தயாரித்தவன் எடுத்துக்கொள்ளாமல் விட்ட லாபத்தை இடையில் நின்றவன் தன் சட்டைப்பையில் போட்டான், அதில்தான் எரிச்சல்.

உங்கள் ரேம் கதை அது இல்லை. இங்கே தயாரிப்பாளரே விலையை ஏற்றிவிட்டார், விநியோகஸ்தர் ஏற்றிவிட்டார், கடைக்காரரும் ஏற்றிவிட்டார். யாரும் விட்டுக்கொடுத்த லாபம் என்று எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் போய் 31,000 கொடுத்து இன்றைக்கே வாங்கலாம், நீங்கள் யாரையும் வரிசையிலிருந்து தள்ளிவிடவில்லை. சந்தை விலைக்குக் கீழே 26,000 கேட்பது வெளிச்சந்தையில் சாதாரண வியாபாரம், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சட்டத்தையும் ஒரு கை பார்த்துவிடுவோம், கடிதத்தில் ‘என் காசு, என் பொருள்’ என்று உறுமியிருப்பதால். தட்டுப்பாட்டில் விலை ஏற்றினால் குற்றம் என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்து, மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்களே, அந்த மாதிரி குறிப்பிட்ட பொருளுக்கு அரசு அறிவித்தால்தான் உண்டு. ரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. பாக்கெட்டில் அடைத்த பொருளை அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்கக்கூடாது என்பது 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் இருக்கிறது, சில்லறை வியாபாரி ‘அல்லது வேறு எவரும்’ என்றுதான் அதில் வாசகம், அதனால் சீல் பிரிக்காத பெட்டியை எம்ஆர்பிக்கு மேல் விற்க நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஆனால் இதையே திருப்பிப் போட்டு ‘எம்ஆர்பிக்குக் கீழேதானே கேட்கிறேன்’ என்று குழுவில் வாதாடவும் போகாதீர்கள். கம்ப்யூட்டர் பாகங்களின் பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி பல நேரம் கடை விலையைவிட எங்கேயோ உயரத்தில் இருக்கும் என்று அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், சிரித்துவிடுவார்கள்.

சரி, சட்டப்படி தப்பில்லை, வெளிச்சந்தை நியாயப்படியும் தப்பில்லை. பிறகு ஏன் அடி விழுந்தது?

1986ல் வெளியான ஒரு ஆய்வுக்காக கானமன், நெட்ச், தேலர் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் கனடாவில் போன் போட்டு மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வாரி 15 டாலர். பெரிய பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கடைக்காரருக்கே கொள்முதல் விலை ஏறி, அதை அவர் நம் தலையில் ஏற்றினால் ஜனங்கள் முணுமுணுப்பார்களே தவிர அநியாயம் என்பதில்லை. பழைய விலையில் வாங்கிய சரக்குக்குப் புது விலை போடும்போதுதான் கொதிக்கிறார்கள். நீங்கள் 31,000க்கு வாங்கி 26,000க்குக் கொடுத்திருந்தால் குழுவே உங்களுக்காக உச்சுக் கொட்டியிருக்கும். 9,200க்கு வாங்கியது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? செப்டம்பரில் நீங்களே பில்லோடு படம் போட்டு பெருமைப்பட்டிருப்பீர்கள், நாம் எல்லோரும் செய்கிற வேலைதானே அது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதற்கு என் தொழிலில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும்.

2021ல் நான் இருந்த தொழிற்சாலையில் எஸ்டிஎம்32 என்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது கருவியை இயக்கும் சிப், இல்லாமல் உற்பத்தி லைன் நிற்கும் நிலை வந்தது. விநியோகஸ்தரைக் கேட்டால் 52 வாரம் என்றார். அதாவது போய்விட்டு அடுத்த வருடம் வா என்று அர்த்தம். வெளிநாட்டு புரோக்கர் ஒருவர் இருக்கிறது என்றார், விலையைக் கேட்டதும் நாக்கு உலர்ந்துவிட்டது, இந்த விலை இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்று வேறு ஒரு குறிப்பு. எம்டி வாங்கு என்றார், வாங்கினேன். பெட்டி வந்தது. எனக்குப் பழக்கம், சிப்பை லென்ஸுக்கு அடியில் வைத்து, பஞ்சு சுற்றிய குச்சியை அசிட்டோனில் நனைத்து மேல்முகத்தைத் தேய்த்துப் பார்ப்பேன். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னும் இரண்டு தேய்ப்பு, மேலே இருந்த எழுத்து போய், அடியில் சுரண்டிய கோடுகளும் மங்கலாக வேறொரு பழைய எண்ணும் தெரிந்தன. எவனோ எதையோ சுரண்டி, கறுப்புப் பூச்சு அடித்து, மேலே புது எண் அச்சடித்து அனுப்பியிருக்கிறான். பணம் போனது போனதுதான். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயந்திரம் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் இன்னொரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் புலம்பினேன். எங்களுக்கு ஒருவகையில் போட்டிக் கம்பெனி. அவர் மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, எவ்வளவு வேண்டும் என்றார். மறுநாள் 400 சிப் வந்தது, ரிட்டர்னபிள் டிசி, அதாவது திரும்ப வரவேண்டிய சரக்குக்கான டெலிவரி சீட்டு, போட்டு. விலை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை, ‘திருப்பித் தரத்தக்கது’ என்று மட்டும். அன்றைய தேதியில் அந்த 400 சிப்பை புரோக்கரிடம் தள்ளியிருந்தால் அவர் கம்பெனிக்கு நல்ல காசு. எங்களுக்கு எங்கள் சரக்கு வர 14 மாதம் ஆனது, வந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன், அப்போது அதன் விலை தரைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2018ல் செராமிக் கெப்பாசிட்டர் தட்டுப்பாடு வந்தபோது நான் அவருக்கு இரண்டு ரீல் கொடுத்திருந்தேன் என்பது வேறு விஷயம், அதையும் அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கு ஊரில் கைமாற்று என்று பெயர். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் சர்க்கரை விலை ஏறியிருந்தாலும் ஒரு டம்ளர்தான் திருப்பிக் கொடுப்போம்.

உங்கள் குழு இருப்பது இந்தக் கணக்கில். அது சந்தை என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள், ஏனென்றால் அங்கே விலை எழுதுகிறோம், ஜிபேயில் பணம் அனுப்புகிறோம், கொரியர் போடுகிறோம், பார்க்கச் சந்தை மாதிரியே இருக்கும். ஆனால் 9,200 ரூபாய்ப் பொருளை அந்த அண்ணன் உங்களுக்கு 7,000க்குக் கொடுத்தாரே, அந்த 2,200 எங்கே போனது? ஓஎல்எக்ஸில் போட்டிருந்தால் அவருக்கு 8,500 வந்திருக்கும். ‘பையன் சர்வர் கட்டுகிறானாம்’ என்று விட்டுக்கொடுத்தார். நீங்கள் சேர்ந்த புதிதில் யாராவது சும்மா ஒரு சென்சார் அனுப்பியிருப்பார்கள், ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து ஏன் போர்டு பூட் ஆகவில்லை என்று பார்த்துச் சொல்லியிருப்பார்கள். இதற்கெல்லாம் பில் வரவில்லை. அங்கே போய் 26,000 என்று போட்டால், சர்க்கரை வாங்கிய வீட்டு வாசலிலேயே சர்க்கரைக் கடை போட்ட மாதிரிதான். கடை போடுவது தப்பில்லை, அந்த வாசலில் போட்டதுதான் உறுத்தியது.

சரி, இப்போது என்ன செய்வது. உங்களுக்குக் கல்யாணச் செலவு இருக்கிறது, ஒரு கிட்டில் 17,000 ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. பெருந்தன்மையாக எல்லாவற்றையும் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எழுத எனக்கு என்ன கஷ்டம், மண்டப அட்வான்ஸ் கட்டப்போவது நான் இல்லையே.

கடையில் 9,200க்கு வாங்கிய கிட்டை வெளியே விற்றுவிடுங்கள். ஓஎல்எக்ஸ், இல்லை காந்திபுரம் பக்கம் தெரிந்த கடைக்காரர், 26,000 என்ன, 27,000 கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் அதைப் பற்றி மூச்சு விட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், யாராவது கேட்டால் வெளியே விற்றேன் என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் உரிமை.

அண்ணன் கொடுத்த கிட்டை அப்படி விற்காதீர்கள். முதலில் அவருக்கு ஒரு போன். டெலிகிராமில் செய்தி போடாதீர்கள், போனே போடுங்கள். ‘அண்ணா, நீங்கள் கொடுத்த ரேம் சும்மா கிடக்கிறது, உங்களுக்கு வேண்டுமென்றால் 7,000க்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று. வேண்டும் என்றால் கதை அங்கேயே முடிந்தது. எனக்கு வேண்டாம்ப்பா, கல்யாணச் செலவு இருக்குமே, நல்ல விலைக்கு வித்துக்கோ என்று அவரே சொல்லவும் வாய்ப்பு உண்டு, அப்படிப்பட்ட ஆள் என்றுதான் தோன்றுகிறது. சொன்னால் மனசு உறுத்தாமல் விற்கலாம். இரண்டும் இல்லாமல், ‘குழுவில் யாருக்காவது கொடேன்’ என்றால் குழுவிலேயே கொடுங்கள், நானாக இருந்தால் 7,000க்கும் 9,200க்கும் நடுவில் ஏதாவது ஒரு விலை போடுவேன்.

பை போர்டு இரண்டுக்கும் அளவுகோல் சுலபம், ஏனென்றால் இன்னும் அதிகாரபூர்வ விலை என்று ஒன்று இருக்கிறது. 2025 டிசம்பரில் பை 5-இன் 8 ஜிபி மாடலை 80 டாலரிலிருந்து 95 ஆக்கினார்கள், காரணம் அதே ரேம்தான். நீங்கள் பழைய விலைக்கு வாங்கியது. இங்கே அங்கீகரிக்கப்பட்ட கடைகள் இன்று என்ன விலை போட்டிருக்கின்றனவோ, குழுவில் அதைத் தாண்டவே கூடாது, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினால் நல்லது. ஸ்டாக் தீர்ந்தாலும் இதுதான், தீரும்போதுதான் கை அரிக்கும்.

அந்த மாணவர் விஷயம். அவர் மாணவர் என்பதற்கு இப்போதைக்கு அவர் சொன்ன சொல்தான் அத்தாட்சி. ‘புராஜெக்டுக்கு வேண்டும்’ என்று உருகி வாங்கிவிட்டு மறுநாள் ஓஎல்எக்ஸில் அதே படத்தோடு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காக எடுத்த எடுப்பில் சந்தேகப்பட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மதர்போர்டில் போடப் போகிறீர்கள்? உண்மையாகவே வேண்டியவர் மாடல் எண்ணோடு பதில் சொல்வார். லேப்டாப் என்றால் உங்களிடம் இருக்கும் டெஸ்க்டாப் கிட் அதில் உட்காரவே உட்காராது, பேச்சு முடிந்தது. பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் போடும் போர்டு என்றாலும் அப்படியே. புராஜெக்ட் என்ன என்று விசாரித்தால் பாதி நேரம் 32 ஜிபியே தேவைப்படாது, ஒரு பை 5 போதும் என்று தெரியவரும். அப்படியென்றால் ஒரு போர்டை இந்த செமஸ்டர் முடியும் வரை கைமாற்றாகக் கொடுத்துப் பாருங்களேன், ஏதாவது ஒரு சின்ன முன்பணம் வாங்கிக்கொண்டு. 10,000க்கு ரேம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு எந்த வகையிலும் இல்லை. இரக்கம் வேறு, தர்மசங்கடத்தில் தலையாட்டுவது வேறு.

குழுவில் மறுபடி எதையாவது விற்கும்போது விளம்பரத்தில் விலையைத் தெளிவாக எழுதுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பது ஆளைப் பார்த்து விலை சொல்லும் புத்தி, எனக்கு ஆகவே ஆகாது. வாங்கின மாதம், பில் இருக்கிறதா, வாரண்டி எவ்வளவு பாக்கி, எல்லாம் அதிலேயே இருக்கட்டும். ஒரு துண்டுச்சீட்டில் உங்கள் பயனர் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதி, பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். வெளிநாட்டில் தங்களுக்குள் கீபோர்டு வாங்கி விற்கும் பைத்தியங்கள் இதை ரொம்ப காலமாகக் கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள், யாரோ போட்ட படத்தைத் திருடி விற்பவன் இதில் மாட்டிக்கொள்வான். அப்புறம், முதலில் ‘எனக்கு’ என்று சொன்னவருக்குத்தான் பொருள். பின்னால் வந்தவர் 2,000 கூடத் தருகிறேன் என்றாலும் மாற்றக்கூடாது. விலை அதிகமாகப் போட்டவரை நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், பேச்சு மாறினவரை மறக்கவே மாட்டார்கள்.

வெளியே விற்கும்போது இன்னொரு எச்சரிக்கை. பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்று எவனாவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது. ரேம் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் இந்தக் கூட்டம் நிச்சயம் சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்களைத் திட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை, நீங்கள் இதைக் குழுவில் பகிர்வீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஒருவர் போட்ட விலை பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் போகலாம், இல்லை தனியாக ஒரு வரி அனுப்பலாம். விளம்பரத்துக்கு அடியில் ஐந்து பேர் கூடிக் கும்முவதால் எந்த விலையும் இறங்கியதில்லை, அடுத்த தடவை அந்த ஆள் பேசாமல் வெளியே கொண்டுபோய் விற்பார், அவ்வளவுதான் நடக்கும். அட்மின் பதிவைத் தூக்கினார், சரி, ஆனால் விதி எழுதி வைத்திருந்தாரா? ‘தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய விலைக்கு மேல் இவ்வளவுதான்’ என்றோ, ‘வெளிச்சந்தை விலைக்கு இங்கே இடமில்லை’ என்றோ மேலே பின் பண்ணி வைத்திருந்தால் இந்தத் தம்பி போட்டே இருக்க மாட்டார். எழுதாத விதியை மீறியதற்குத் தண்டனை கொடுத்தால் யாருக்குமே கடுப்புதான் வரும். விதியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குழுவில் குறைந்த விலைக்கு வாங்கியதை ஆறு மாதத்துக்குள் விற்பதானால் முதலில் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, தம்பி, எந்தக் கிட்டை யாருக்குக் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் நிரலை ஓட்டிவிடுங்கள், இலவசப் பதிப்பே நாலு சுற்று ஓடும், பிழை பூஜ்யம் என்ற திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதம் அலமாரியில் இருந்த பொருள். அண்ணனே திரும்ப எடுத்துக்கொண்டாலும் அந்தப் படத்தோடு கொடுங்கள், பத்திரிகையையும் அப்போதே கையோடு வைத்துவிடலாம்.